மேலே யானை நிற்கிறதாம்

எனக்கு யாராவது வழி சொன்னால் பிடிக்காது. கல்யாண மண்டபத்தில், "பந்தி அங்கன நடக்கு, வாங்க" என்று கைகாட்டினால்கூட எதிர்ப்பக்கமாக ஒரு நடை போய்விட்டுத்தான் சாப்பிடப் போவேன். வீட்டுக்காரர் காலமான பிறகு, நாரணாபுரம் பக்கம் இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனியை எட்டு வருஷம் ஒற்றை ஆளாக நடத்தியதில் வந்த குணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. பிறவிக் குணம். கம்பெனி அதற்கு ஒரு சாக்கு கொடுத்தது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான், போன தீபாவளி முடிந்த கையோடு, ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு மலையேறப் போனேன். அதற்குக் காரணம் என் மகன்.

அதற்கு முந்தின வருஷம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே வைத்தது ஒன்று, என்னிடமிருந்து எடுத்தது பல. முதலில் ஸ்கூட்டர் போயிற்று. அப்புறம் சாத்தூருக்குத் தனியாகப் பஸ்ஸில் போவது போயிற்று. பிறகு ஊறுகாய், அப்பளம். மகன் தங்கமானவன், எதையும் பிடுங்க மாட்டான். "உங்களுக்கு எதுக்கும்மா அலைச்சல்?" என்று கேட்பான். கேட்ட மறுநாள் அந்த வேலையை அவன் செய்துகொண்டிருப்பான். கடைசியாக ஒரு நாள் காலை ரவுண்டும் போயிற்று.

காலை ரவுண்டு என்றால், வேலை தொடங்குமுன் கம்பெனியில் ஒவ்வொரு ரூமாகப் போய்ப் பார்ப்பது. கதவுகளெல்லாம் வெளிப்பக்கம் தாராளமாகத் திறக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, ஒரு ரூமில் இருக்க வேண்டியதற்கு மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறதா, எவளாவது உரசினால் தீப்பொறி கிளப்பும் நைலான் சேலை கட்டி வந்திருக்கிறாளா என்று பார்த்து, வாய்க்கு வந்தபடி திட்டி, நாலு பேரிடம் வீட்டு விஷயம் கேட்டு வருவது. அது எனக்கு உயிர். அது இல்லாத காலையில் எனக்குக் காப்பிகூட இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டேன். "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டேன். மகன் பொறுமையாகச் சொன்னான், "ம்மா, கம்பெனி முழுக்க நடக்கணும்னா ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். வெயில்ல முடியுமா உங்களால?"

எங்கள் மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியும். மழை பெய்து வெளுத்த நாளில் மரம் எண்ணலாம் போல இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு தடவைகூட ஏறியதில்லை. அந்த ஆத்திரத்தில் கையை நீட்டி, "அந்த மலையில ஏறிக் காட்டவா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகு பின்வாங்க எனக்குத் தெரியாது. கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, வனத்துறை அனுமதியோடு ஏறக்கூடிய ஒரு பாதை இருக்கிறது. உச்சியில் ஒரு புல்மேடு. அதுவரை ஏறி இறங்கிவிட்டால் காலை ரவுண்டு மறுபடி எனக்கு. ஏற முடியாவிட்டால் நான் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டோம். மெதுவாகப் போனால் போகலாம், மூச்சு வாங்கினால் உடனே நிற்க வேண்டும் என்றார்.

நான் ஒரு விஷயத்தை டாக்டரிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. ஒரு மாதமாகவே மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பாதிப் படியில் நின்று, துணி காய்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் நடிப்பேன். சொன்னால் அடுத்து மாடிப்படியும் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

மலைக்குப் போக வழிகாட்டி கட்டாயம். நான் மூன்று நிபந்தனை போட்டேன். என் பையை நான்தான் சுமப்பேன். என் நடை வேகத்தை நான்தான் முடிவு செய்வேன். எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்பதை நான்தான் சொல்வேன். வழிகாட்டி வழியை மட்டும் காட்டினால் போதும். இமயமலைப் பக்கம் போய்வந்த என் சிநேகிதி ஒருத்தி, "கைடு கூட்டிப் போற எடத்துல டீ குடிச்சு, கைடு காட்டுன எடத்துல போட்டோ எடுத்து, கைடு சொன்ன நேரத்துக்குப் படுத்து எந்திரிச்சு வந்தோம். மலைய எப்பப் பாத்தோம்னு இப்பவும் தெரியல" என்று புலம்பியிருந்தாள். அந்தக் கதை எனக்கு வேண்டாம்.

"சரிம்மா, மூணுக்கும் சரி" என்றான் மகன். அவ்வளவு சீக்கிரம் அவன் ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விடிந்ததும் அடிவாரத்தில் வழிகாட்டி காத்திருந்தார். பெண். நாற்பது வயது இருக்கும். மலையடியில் குடியிருப்பவர், காட்டிலேயே வளர்ந்தவர். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, தலையில் மப்ளர், கையில் ஒரு கம்பு. நானோ புதிதாக வாங்கிய ஷூவில் கால் கடிக்க நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மகன் அவரைத் தனியே கூட்டிப் போய் ஏதோ பேசினான். பிறகு சத்தமாக, "பத்திரமா கொண்டு வந்து சேத்துருங்கக்கா" என்றான். லோடு ஏற்றிவிட்டு லாரி டிரைவரிடம் நாங்கள் சொல்கிற அதே வார்த்தை. நான் என்ன புஸ்வாணப் பெட்டியா?

முதல் அரை மணி நேரம் சுகமாக இருந்தது. மாந்தோப்பு முடிந்து காடு தொடங்கியது. மரத்துக்கு மரம் பெரிய அணில்கள் தாவின, எங்கள் வீட்டுப் பூனை அளவு. வழிகாட்டி கொடுத்த நெல்லிக்காயைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டை இனித்தது. ஆனால் நூறு அடிக்கு ஒரு தரம் அவர் நின்றார். "உக்காருங்கம்மா." "தண்ணி குடிங்கம்மா." "பைய இங்கன குடுங்கம்மா."

"தாயி, நான் கேட்டேனா?"

"இல்லம்மா. சும்மா சொன்னேன்."

அடுத்த நூறு அடியில் மறுபடி சும்மா சொன்னார். நான் உட்கார வேண்டும் என்று நினைத்த இடங்களில்கூட, அவர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே உட்காராமல் நடந்தேன். இதனால் யாருக்கு நஷ்டம் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒன்பது மணி வாக்கில் ஒரு ஓடை வந்தது. பாறைமேல் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது வழிகாட்டி சொன்னார், "ம்மா, இதுக்கு மேல போக வேண்டாம். மேல ஆனை நிக்குது."

"எங்கன?"

"அங்கன." கம்பு காட்டிய திசையில் பாதி மலை இருந்தது.

"எத்தனை?"

"ஒண்ணு... ரெண்டு, மூணு நிக்கும்."

நான் பட்டாசுக் கம்பெனிக்காரி. ஆபத்து பக்கத்தில் இருந்தால் ஆள் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். குரல் தாழும், கை கால் நிதானமாகும், சிரிப்பு நிற்கும். இவரோ வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு, ஓடைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். யானை நிற்கிற காட்டில் இப்படியா கத்துவார்கள்?

நான் கேள்வி கேட்பதற்குள் விடை தானாக வந்தது. ஓடைக்கரைப் பாறையில் எப்படியோ கொஞ்சம் சிக்னல் கிடைக்கும் போலிருக்கிறது. அவருடைய போனில் ஒரு குரல் செய்தி வந்து கூவியது. ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். ஸ்பீக்கரில் என் மகன் குரல் காடு முழுக்கக் கேட்டது.

"அக்கா, ஓடைக்குப் போயாச்சா? ஆனை நிக்குதுன்னு சொல்லி அப்படியே திருப்பிக் கூட்டிட்டு வந்துருங்க. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

அவர் அவசரமாக அமுக்கியதில் அது நிற்காமல் முதலிலிருந்து மறுபடி ஒரு தரம் ஓடியது. இரண்டாவது தரமும் நான் முழுசாகக் கேட்டேன்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. அவன் பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. பந்தயம் கட்டிவிட்டு, நான் தோற்பதற்கும் அவனே ஏற்பாடு செய்திருந்தான் என்பதுதான் சுட்டது. நான் மூச்சுத் திணறி ஏறி வந்ததெல்லாம் ஒரு நாடகத்துக்கா? அழுகை வந்தது. ஓடைத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன்.

"நீங்க யாரு கூட வந்திருக்கீக? என்கூடவா, அவன்கூடவா?" என்று கேட்டேன்.

வழிகாட்டி போனை மடியில் செருகிக்கொண்டு தலையைக் குனிந்தார். "எனக்கும் பிடிக்கலம்மா. ஆனா பெரிய ஆபரேசன் பண்ண ஒடம்புன்னாரு. வழியில ஏதாச்சும் ஆயிட்டா அப்புறம் என்னை எவரு கூப்பிடுவா? அதான் சரின்னுட்டேன்."

நியாயமான பதில். ஆனால் நியாயம் கேட்கும் நிலையில் நான் இல்லை. "இனிமே நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க. நான் கேட்டா மட்டும் வாயத் தொறந்தாப் போதும்."

"சரிம்மா."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நான் விறுவிறுவென்று முன்னால் போனேன். இரண்டு வழி பிரிந்த இடத்தில் அகலமாக இருந்ததைப் பிடித்தேன். அது கொஞ்ச தூரம் போய் ஒரு முட்புதரில் முடிந்தது. காட்டுப்பன்றி போகிற வழியாம். சேலை முந்தானையை முள்ளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் திரும்பினால், வழிகாட்டி சரியான பாதையில் நின்றுகொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையேம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த பிரிவில் நின்று, வாயைத் திறக்காமல், புருவத்தை மட்டும் உயர்த்தினேன். அவரும் வாயைத் திறக்காமல் கம்பால் இடப்பக்கம் காட்டினார். இப்படி ஒரு மணி நேரம் ஊமைப் படம் ஓடியது. உண்மையைச் சொன்னால் அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. நானாக ஒரு கல்லைத் தேர்ந்து கால் வைத்தேன், நானாக ஒரு மரத்தடியில் நின்றேன், எனக்குத் தோன்றியபோது தண்ணீர் குடித்தேன். இதைச் செய்து எத்தனை மாதமாயிற்று!

ஆனால் நான் நிற்கிற மரத்தடிகள் நெருக்கமாக வரத் தொடங்கின. மாடிப்படியில் துணி பார்த்தவள் இப்போது பூ பார்த்தேன். ஒவ்வொரு பூவையும் போனில் போட்டோ எடுத்தேன். ஒரு கட்டத்தில் பூ இல்லாத இடத்தில் வெறும் இலையை எடுத்தேன். வழிகாட்டி அதைக் கவனித்தார். கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால் பேசவில்லை.

பதினொன்றரை மணிக்கு மரங்கள் குறைந்து புல்சரிவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். கீழே எங்கள் சீமை முழுக்க விரிந்து கிடந்தது. கண்மாய்கள் மின்னின. சிவகாசி எது, சாத்தூர் ரோடு எது என்று தேடினேன். தாயில்பட்டிப் பக்கம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் மேகம் கறுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் முதுகுப் பக்கம், மலைக்கு மேலே, முதல் இடி இடித்தது.

வழிகாட்டியின் குரல் தாழ்ந்தது. "ம்மா, வாங்க. இந்தப் பாறைக்கு அடியில போயிருவோம்."

சரிவில் ஒரு பெரிய பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதன் அடியில் நாலைந்து பேர் குந்தி உட்காரும் அளவு இருட்டான குகை. பார்த்ததும் எனக்குள் ஏதோ மாட்டேன் என்றது.

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். பட்டாசுக் கம்பெனியில் இடி இடித்தால் முதல் வேலை, வெளியே ஓடுவது. வெடிமருந்து இருக்கிற ரூமுக்குள் ஒருத்தரும் இருக்கக் கூடாது. கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, வெட்டவெளிக்கு, தள்ளி, ரொம்பத் தள்ளிப் போய்விட வேண்டும். வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்தே, முப்பது வருஷமாக மேகம் கறுத்தால் மணியடித்து அத்தனை பேரையும் வெளியே விரட்டியவள் நான். சோறு தின்றுகொண்டிருந்தாலும் எழுந்து ஓடிப்போய் விரட்டியிருக்கிறேன். வீட்டில் இருக்கும்போது இடி இடித்தால்கூட வாசலுக்கு வந்துதான் நிற்பேன். மூடின, இருட்டான, சின்ன இடம், தலைக்கு மேல் இடி. இந்த இரண்டும் சேர்ந்தால் என் கால் என் பேச்சைக் கேட்காது.

அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. யானை என்று சொன்ன வாய்தானே இதையும் சொல்கிறது?

"நான் வரல" என்றேன். இரண்டாவது இடி தலைமேலேயே விழுந்தது. நான் பையைப் பாறையோரம் போட்டுவிட்டுப் புல்வெளிக்கு ஓடினேன். ஓடினால்கூடப் பரவாயில்லை. இரண்டு கையையும் வீசி, கம்பெனியில் கத்துகிற அதே குரலில், "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! ஒருத்தரும் உள்ள இருக்காதீக!" என்று கத்தினேன். அந்த மலையில் எல்லாரும் என்றால் நாங்கள் இரண்டே பேர்.

மேலே, மேட்டில் ஒற்றையாக நின்ற மரத்தில் மின்னல் இறங்கியது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. எங்கள் தொழிலில் நான் கேட்காத சத்தமில்லை. அதைப் போல ஒன்றைக் கேட்டதில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

வழிகாட்டி அந்தப் பாறைக்கு அடியிலேயே இருந்திருக்கலாம். நான் வரமாட்டேன் என்று சொல்லியாயிற்று, அவர் மேல் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குனிந்தபடி ஓடி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். "வாங்கன்னா வாங்க!" என்று அதட்டி இழுத்துக்கொண்டு ஓடினார். ஈரப்புல்லில் அவருடைய செருப்பு வழுக்கி, முழங்கால் கல்லில் மோதியது. அப்போதும் என் கையை விடவில்லை. பாறைக்கு அடியில் போய் விழுந்தோம். மழை கொட்டியது.

அவர் முழங்காலில் ரத்தம் வழிந்தது. என் கைக்குட்டையை வைத்துக் கட்டினேன். முடிச்சு மூன்று தரம் அவிழ்ந்தது.

"ஏம்மா வெளிய ஓடுனீக?" என்று கேட்டார்.

சொன்னேன். மணியடிப்பது, விரட்டுவது, மருந்து ரூம் எல்லாம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு அந்தக் குகையைச் சுற்றிலும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "இங்கன மருந்து ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வெட்கம் வந்தது. என்னை யாரும் நடத்தக் கூடாது என்ற வீம்பில் இன்னொருத்தி உயிரை வெட்டவெளிக்கு இழுத்துவிட்டேன். கம்பெனியில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

"என் மேலதான் தப்பு, தாயி."

"மொதல்ல பொய் சொன்னது நானு" என்றார். "ஆனைன்னு சொல்லாம இருந்திருந்தா இடிக்கு நான் கூப்பிட்டப்ப வந்திருப்பீக."

வந்திருப்பேனா என்று இன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. இடி கிழக்கே தள்ளிப் போய்விட்டது. புல்லெல்லாம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. புல்மேட்டின் உச்சி இதோ, கூப்பிடு தூரத்தில் தெரிந்தது.

"இப்ப நான் கேக்கிறேன்" என்றேன். "மறைக்காமச் சொல்லுங்க. மேல போகலாமா?"

அவர் வெளியே போய் வானத்தைப் பார்த்தார், மண்ணை மிதித்துப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார், "இனி இடி இல்ல. ஆனையும் இல்ல. வழி வழுக்கும், ஆனா நான் முன்னால மிதிச்ச எடத்துல நீங்க மிதிச்சாப் போயிரலாம். அரை மணி நேரம். மலை சரின்னுதான் சொல்லுது. ஒங்க ஒடம்பு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதும்மா. அத நீங்கதான் சொல்லணும்."

ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து என் உடம்பைப் பற்றி எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். டாக்டர் சொன்னார், மகன் சொன்னான், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். உனக்குத்தான் தெரியும், நீ சொல் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் பொய் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது முழங்காலில் என் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி என் பதிலுக்காக நிற்கிறாள்.

உச்சியைப் பார்த்தேன். அரை மணி நேரம். ஏறிவிட்டால் காலை ரவுண்டு எனக்கு. வாயைத் திறந்து, "போலாம்" என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"நெஞ்சு இறுக்குது" என்றேன். "இன்னைக்கு மட்டும் இல்ல. ஒரு மாசமா மூச்சு வாங்குது. யாருக்கும் தெரியாது."

அவர் பதறவில்லை, திட்டவுமில்லை. "மாத்திர இருக்கா?" என்று கேட்டார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை பையில் இருந்தது. வைத்துக்கொண்டு பாறையில் சாய்ந்தேன். இறுக்கம் மெல்லக் கழன்றது. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து தன் சட்டை முனையால் எனக்கு விசிறினார்.

"இறங்கிருவோம்" என்றேன். பையை எடுத்து நானே அவரிடம் நீட்டினேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இறங்கும்போது அவர் முன்னால், நான் பின்னால். நிற்கணும் என்று தோன்றியபோதெல்லாம் "நில்லுங்க" என்றேன், நின்றார். பூவை ஒரு தரம்கூட போட்டோ எடுக்கவில்லை. நொண்டிக்கொண்டே நடந்த அவருக்கும் நின்று நின்று போவது சௌகரியமாகத்தான் இருந்திருக்கும்.

நாலு மணிக்கு அடிவாரம். மகன் காருக்குப் பக்கத்தில் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தான். இடிச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான். வந்தவன் என்னைத் தாண்டி வழிகாட்டியிடம் போய் நின்று, "என்னக்கா ஆச்சு? எதுவரைக்கும் ஏறுனாக? முடிஞ்சதா அவுகளால?" என்று கேட்டான்.

வழிகாட்டி என் பையை என்னிடம் கொடுத்தார். "அவுகளத்தான் கேக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டு, குழாயடிக்குக் கால் கழுவப் போனார்.

மகன் என் பக்கம் திரும்பினான். அவர் முழங்காலுக்கு மருந்து போட வைத்து, வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டு, நாங்கள் இருவரும் தனியாகக் கிளம்பும்வரை நான் பேசவில்லை. கார் திருவில்லிபுத்தூரைத் தாண்டியதும் சொன்னேன். அவன் அனுப்பிய குரலைக் கேட்டது, நான் இடிக்கு ஓடியது, அந்தப் பெண் ஓடி வந்து இழுத்தது எல்லாம்.

"உச்சிக்கு அரை மணி நேரம் இருந்துச்சு. நெஞ்சு இறுக்குச்சு, நானே திரும்பிட்டேன். நீ செயிச்சிட்ட."

"நெஞ்சு இறுக்குச்சா?" காரை ஓரங்கட்டினான்.

"ஒரு மாசமா மூச்சு வாங்குது."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தான். பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "கம்பெனிப் பக்கமே வராதீகன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

ரோட்டில் ஒரு லாரி போயிற்று, ஒரு பஸ் போயிற்று. என் மகன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை. எனக்கும் தாங்கவில்லை, ஆனால் அடுத்த பேச்சு அவன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "டாக்டர்கிட்ட எப்பம்மா போகலாம்? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்ற அன்னைக்குப் போவோம்."

"இப்பவே போலாம்லே. வண்டிய எடு" என்றேன்.